சவப்பெட்டிப் பலகையில் சாப்பாட்டு மேசை

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்தபோது எனக்குப் பேனா பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. பெயர் கலியாணசுந்தரம், வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய வரிசையில் வாடகை வீடு. கம்பெனியை இழுத்து மூடினார்கள். மேனேஜர் துரையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டேன். பாதிக் குச்சிகளைத் தலைகீழாக நட்டிருக்கிறேன் என்று என் மனைவி ருக்மணி பிடுங்கித் திருப்பி நட்டாள்.

துரை வீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருந்தது. கையெழுத்து வாங்கக் காகிதக் கட்டோடு போகும்போதெல்லாம் அதன் ஓரத்தில் நிற்பேன். அவர் முட்டையை உடைத்துத் தின்பார், நான் நிற்பேன். முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பான மேசை. அதில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என்றாவது இப்படி ஒரு மேசை போட்டு அதன் தலைமாட்டில் உட்கார்வேன் என்று நினைத்துக்கொள்வேன். அரிசி கிடைத்த காலத்தில் இந்த ஆசைக்கு நேரம் கிடைக்கவில்லை. அரிசி போன பிறகு நேரம் தாராளமாகக் கிடைத்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் எங்கள் தெருமுனையில் சவப்பெட்டி செய்துகொண்டிருந்த சீனர் ஆ லெக், கடையைக் காலி செய்துவிட்டு குருபோங் பக்கம் போய்க் கிழங்கு பயிரிட முடிவு செய்தார். அங்கே போய்வர அவருக்கு ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. கடையில் மிஞ்சிக் கிடந்தது ஒரு பலகை. ஒரே மரத்தில் அறுத்தது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், படுப்பதற்காகத்தானே அறுத்தார்கள். எனக்கு அது துரையின் மேசையாகத் தெரிந்தது.

என் சைக்கிளைக் கொடுத்துப் பலகையை வாங்கினேன்.

அப்போது ஊரில் சைக்கிள் வைத்திருப்பவன் ராஜா. எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. சைக்கிளை எந்த ஜப்பான் சிப்பாயும் எந்த நேரத்திலும் பிடுங்கிக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்தால்தான் அசைக்க முடிகிற பலகையை எவன் தூக்கிக்கொண்டு ஓடுவான்? இந்த நியாயத்தை ருக்மணியிடம் சொன்னேன்.

"ஏங்க, சைக்கிள்ல போய் எங்கயாவது கிழங்கு கிடைச்சா எடுத்தாரலாம். இந்தப் பலகையில ஏறி எங்க போவீங்க?"

அது எதற்காக அறுத்த பலகை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. பலகையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த விநாயகம் சொல்லிவிட்டார். விநாயகம் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி மலாய் பேசத் தொடங்கிவிட்ட செட்டிகளின் வம்சம். நெற்றி நிறைய திருநீறு. வாய் நிறைய மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சில சாப்பாட்டுப் பெயர்களும்தான்.

"கிராணி, இனி பாப்பான் ஓராங் மாத்தி!" என்று வாசலிலேயே உரக்கச் சிரித்தார். செத்தவர்களுக்கான பலகை என்கிறார். ருக்மணிக்கு அந்த அளவு மலாய் நன்றாகவே தெரியும். ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துப் பலகையின் மேல் கொட்டினாள். மிச்சத்தை என் தலையில் கொட்டினாள்.

மேசைக்குக் கால் வேண்டும். ஊரில் ஆணி கிடையாது, மரம் கிடையாது. வீட்டில் இருந்தது கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த கொசுவலைக் கட்டில். அதற்கு நான்கு உயரமான தூண்கள். ருக்மணி குழாயடிக்குப் போன நேரத்தில், விநாயகத்திடம் இரவல் வாங்கிய ரம்பத்தால் நான்கையும் அறுத்தேன். திரும்பி வந்தவள் தனக்கு ஒரு பாயைக் கூடத்துத் தரையில் போட்டாள். எனக்கு ஒரு பாயை அடுப்பங்கரையில் போட்டாள்.

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பலகையில் துளைபோட்டு, கால்களைச் சொருகி, மரமுளை அடித்து இறுக்கினேன். முளையில் பட்ட அடியைவிடக் கட்டைவிரலில் பட்ட அடி அதிகம். கடைசியில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மேசையைப் புரட்டி நிறுத்தினோம். கம்பீரமாக நின்றது. நான் தலைமாட்டில் முழங்கையை ஊன்றினேன். அது என் பக்கம் சாய்ந்தது. கையை எடுத்தேன். அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஒரு கால் நீளம் என்று முடிவு செய்து கொஞ்சம் அறுத்தேன். இப்போது எதிர்மூலை ஆடியது. அதையும் அறுத்தேன். பிறகு பக்கத்து மூலை. இப்படியே நாள்கள் போயின. எதிர்வீட்டு வாத்தியார் தேவதாஸ் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். இப்போது அங்கே ஜப்பான் பாட்டு மட்டும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் என் வேலை அவருக்குப் பெரிய ஆறுதல்.

"சுந்தரம், நேத்து இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. இன்னைக்கு முட்டி வரைக்கும் வந்துருச்சு. நாளைக்கு நான் வரலைன்னா தேடிப் பார்க்கணும்" என்றார்.

மேசை கெண்டைக்கால் உயரத்துக்கு இறங்கியபோது, ரம்பத்தைத் திரும்ப வாங்கிப்போக விநாயகம் வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு காலைக் கையால் அழுத்தினார். பிறகு தரையைத் தடவினார்.

"புக்கான் மேஜா, கிராணி. லந்தாய்!"

மேசை அல்ல, தரை. ருக்மணியின் ஆட்டுக்கல் வருஷக்கணக்காகக் கிடந்து பள்ளமான இடத்தில்தான் நான் மேசையை நிறுத்தியிருந்தேன். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி வைத்தோம். ஆடாமல் நின்றது. அதற்குள் அது மேசை என்று சொல்லும் நிலையைக் கடந்திருந்தது. மரவள்ளிக்கிழங்கை அவித்து அதன் மேல் வைத்து, நானும் ருக்மணியும் இரண்டு பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம்.

"தரையில உட்கார்ந்து திங்கறதுக்குத்தான் சைக்கிளும் கட்டிலும் போச்சா?" என்றாள் ருக்மணி. அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அன்று சிரித்தாள். நான் அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு மாறினேன்.

அடுத்த மாதம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ரப்பர்த் தோட்டங்களில் பிடித்து முடித்து டவுனுக்கு வந்துவிட்டார்கள். ஒருநாள் காலை எங்கள் வரிசையில் லோரி வந்து நின்றது. தேவதாஸை வீட்டிலிருந்து இழுத்து ஏற்றுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஓடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு ஜப்பான் அதிகாரி கூடத்துக்குள் வந்துவிட்டான். அடித்தொண்டையில் ஏதோ கத்திக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்தினான்.

மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பூட்ஸைக் கழற்றினான். மேசைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பலகையைத் தடவினான். அந்த முகம் திடீரென்று யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் முகமாக இருந்தது.

"சியாப்பா புவாட்?" யார் செய்தது என்று கேட்டான்.

"சாயா, துவான்" என்றேன். நான்தான், ஐயா.

"நிப்போன் மேஜா! பாகுஸ்!"

ஜப்பான் மேசை, பிரமாதம் என்கிறான். ஜப்பானில் இப்படித்தான் தரையில் அமர்ந்து சாப்பிடுவார்களாம். அவர்கள் மேல் இருந்த பக்தியால் நான் இதைச் செய்ததாக அவன் முடிவுக்கு வந்துவிட்டான். நான் மறுக்கவில்லை. புக்கிட் பாருவில் அதிகாரிகள் தங்கும் பங்களாவுக்கு இதே மாதிரி மேசைகள் வேண்டும், நீ சயாமுக்குப் போக வேண்டாம் என்றான். நான் தரை தொடக் குனிந்தேன். நிமிரும்போது ருக்மணி கதவருகே நின்று லோரியைக் கண்ணால் காட்டினாள்.

என் வாழ்க்கையில் யோசிக்காமல் நான் செய்த ஒரே நல்ல காரியம் அப்போது நடந்தது. "துவான், நான் வெறும் எடுபிடி. பெரிய தச்சர் லோரியில் இருக்கிறார். அவர் இல்லாமல் எனக்குக் கை ஓடாது" என்று தேவதாஸைக் கைகாட்டித் தெரிந்த மலாயில் உளறினேன்.

அவன் கத்தினான். தேவதாஸை இறக்கினார்கள். லோரி மற்றவர்களோடு கிளம்பிவிட்டது. அதில் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். அதை வைத்து எனக்கு எந்தத் தமாஷும் சொல்லத் தெரியவில்லை.

தேவதாஸ் கேட்டார், "சுந்தரம், நான் என்னன்னு சொன்னே?"

"பெரிய தச்சர்னு."

"அடப்பாவி. எனக்குப் பென்சில் சீவத்தான் தெரியும்."

புக்கிட் பாருவில் எங்களுக்குப் பலகையும் உளியும் கொடுத்தார்கள். பெரிய தச்சர் அளவு சொல்வார், எடுபிடி அறுப்பான், இரண்டும் தப்பாக இருக்கும். பங்களாவின் தரை கண்ணாடிபோல் சமம். அங்கே ஆடியது மேசைதான். ஆடினால் அறுத்தோம். உயரம் குறையக் குறைய அதிகாரிகளுக்குச் சந்தோஷம். எங்களுக்குத் தெரிந்த ஒரே முறை அவர்கள் நாட்டு முறையோடு ஒத்துப்போனது.

கூலி அரிசியாகக் கிடைத்தது. ருக்மணி அதைக் கிழங்கோடு கலந்து வடித்து விநாயகம் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவாள். ஒருமுறை, குடித்திருந்த அதிகாரி ஒருவன் எங்கள் மேசைமேல் ஏறி ஆட, அது நான்கு பக்கமும் காலை நீட்டிப் படுத்துவிட்டது. கன்னத்தில் விழுந்த அறையை நான் வாங்கிக்கொண்டேன். பெரிய தச்சர் அந்தச் சமயம் பார்த்து எடுபிடியாகி என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு தேவதாஸ் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். கம்பெனி மறுபடி திறந்தது. புது துரை என்னைக் கூப்பிட்டு, ஜப்பான் காலத்தில் என்ன செய்தாய் என்று கேட்டார். தச்சுவேலை என்றேன். வேறென்ன சொல்ல? அவர் முகம் மலர்ந்தது. தன் எழுதும் மேசை ஆடுகிறது, கொஞ்சம் பாரேன் என்றார்.

மேசைக்கடியில் தவழ்ந்து போனேன். கையில் ரம்பம் இல்லாததால் வேறு வழி தோன்றாமல், ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகினேன். ஆட்டம் நின்றது. துரை பாராட்டினார்.

நான் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. காஜா பெராங் வீட்டில் அத்தனை நாள் அறுத்தபோது வீடு நிறைய பழைய ஆபீஸ் காகிதம் கிடந்தது. அதில் ஒன்றை மடிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் ருக்மணியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை. அன்னைக்கு உங்களுக்கு அந்த மூளை இருந்திருந்தா இன்னைக்கு எனக்கு நீங்க இருந்திருக்க மாட்டீங்க" என்றாள்.