பச்சைக் கனவு, வெள்ளைக் கனவு, அம்மாவின் மாத்திரை

முதலில் உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம். நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு இரண்டு ஃபார்மசி கல்லூரிகளில் இடம் கிடைத்தது. அதுதான் எனக்கு வந்த கஷ்டம். ஒன்றுகூடக் கிடைக்காமல் அழுதவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். நான் இரண்டும் கிடைத்து அழுதேன்.

என் பெயர் ஷமீனா. ஊர் பாலக்காட்டுப் பக்கம் முதலமடை. மாங்காய் லோடு ஏற்றுகிறவர்களுக்கு வேண்டிய பெட்டி, வைக்கோல், பழைய பேப்பர் எல்லாம் அத்தா கடையில் கிடைக்கும். சீசனில் அவரைப் பிடிக்கவே முடியாது. சீசன் முடிந்தால் கடை வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்வது அப்படி அவர் உட்கார்ந்திருந்த ஒரு காலம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓணம் முடிந்த மறுவாரம்.

ஒரு கல்லூரி பொள்ளாச்சி தாண்டி, கோயமுத்தூர் ரோட்டில். காலையில் கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகப் போனால் சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குள் வீடு வந்துவிடலாம். பி.ஃபார்ம், நான்கு வருஷம். இன்னொன்று இடுக்கி மலையில், சக்குபள்ளத்துக்குப் பக்கம். ஃபார்ம் டி, ஆறு வருஷம். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி. வார்டில் நோயாளிகளிடமே பேசி, மருந்து அவர்களுக்கு எப்படி ஒத்துப்போகிறது என்று பார்க்கிற படிப்பு. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும்.

மனசு எந்தப் பக்கம் போனது என்று கேட்டால், மலைக்குத்தான். ஆனால் வீட்டில் அம்மா இருந்தார்.

நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவுக்கு வலிப்பு வந்தது. மாத்திரை ஒழுங்காகப் போனால் ஒன்றும் வராது. போகாவிட்டால் வந்துவிடும். அன்றிலிருந்து காலையும் மாலையும் மாத்திரை கொடுப்பது நான்தான். அம்மா உள்ளங்கையை நீட்டுவார், நான் வைப்பேன். "எங்க ஊட்டு டாக்டரம்மா" என்று அத்தா கேலி செய்வார். நான் மலைக்குப் போய்விட்டால் அந்த உள்ளங்கையில் யார் வைப்பது? அத்தா நல்லவர்தான். ஆனால் சீசன் நேரத்தில் தன் சாப்பாட்டையே மறந்துவிடுகிறவர்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அசல் டி.சி.யை இரண்டில் ஒரு கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். டி.சி. ஒன்றுதான். கொடுத்துவிட்டால் மாற முடியாது.

நாங்கள் முஸ்லிம் வீட்டுக்காரர்கள். இப்படி எது நல்லது என்று தெரியாமல் நிற்கும்போது இரண்டு ரக்அத் தொழுது, இறைவனிடமே கேட்டுவிடுவோம். இஸ்திகாரா என்று பெயர். இதுவரை சரி. தப்பு இதற்குப் பிறகுதான். தொழுதுவிட்டுத் தூங்க வேண்டும், தூக்கத்தில் பதில் வரும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் நம்புவார்கள். பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் நல்லது. கறுப்பும் சிவப்பும் வேண்டாம். தனக்குக் கனவு வராவிட்டால் வீட்டில் வேறு யாரையாவது தொழுதுவிட்டுத் தூங்கச் சொல்வார்கள்.

அந்த வாரம் எங்கள் வீடே தூங்கியது. இப்போது நினைத்தால் அந்த நாட்களே ஒரு கனவு மாதிரிதான் தெரிகிறது. மதியம் லுஹர் தொழுததும் ஆளுக்கொரு பாயை விரித்துக்கொள்வோம். வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாந்தோப்பைப் போட்டு அலைக்கும். ஜன்னலில் வெயில் வெள்ளையாக நிற்கும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு இடத்தில் கிடப்பேன். எங்கோ ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்கும். யாரோ கூப்பிடுவது போல இருக்கும். கூப்பிடட்டும் என்று காத்திருப்பேன். கண்ணைத் திறந்தால் சாயங்காலமாகி அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் கனவு வந்தது எங்கள் பெரியம்மாவுக்கு. அம்மாவின் அக்கா. அடுத்த தெருவிலிருந்து காலையிலேயே ஓடி வந்தார்.

"பச்சைப் பசேல்னு மலை, கண்ணு! அதுல நீ வெள்ளைக் கோட்டு போட்டுட்டு நடந்து போறே. இதுக்கு மேல என்ன வேணும்?"

பெரியம்மாவின் மகளைச் சக்குபள்ளத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பெரியம்மா அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கண்ணை மூடினால் வேறென்ன தெரியும் என்று அத்தா முணுமுணுத்தார். மறுநாள் அவருக்கும் ஒரு கனவு வந்தது. வெள்ளை பஸ் ஒன்று கோபாலபுரத்தைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போகிறதாம். ஜன்னலோரம் நான்.

"வெள்ளையும் நல்லதுதானுங்களே?" என்று பெரியம்மாவிடம் கேட்டார்.

"நல்லதுதானுங்க. பச்சையும் நல்லதுதானுங்க."

இப்படி ஆளுக்கு ஒன்றாக நின்றது. எனக்கோ ஒன்றுமே வரவில்லை. பச்சை இல்லை, வெள்ளை இல்லை, கறுப்பாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. உனக்காகக் கேட்டவர்களுக்கெல்லாம் அல்லாஹ் பதில் சொல்கிறான், உன்னிடம் மட்டும் பேச மாட்டேன் என்கிறான் என்று மனசு சொல்லியது. அம்மாவை விட்டுவிட்டுப் போக ஆசைப்படுகிறாயே, உனக்கு எப்படிச் சொல்வான் என்றும் சொல்லியது. ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தால் அழுகைதான் வந்தது, துஆ கேட்க வார்த்தை வரவில்லை. அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

பெரியம்மா அம்மாவைப் பார்த்துச் சொன்னார், "நீதான் பெத்தவ. நீ ஒண்ணு கண்டியான்னா முடிஞ்சு போச்சு."

"எனக்குக் கனவே வர மாட்டீங்குதுக்கா."

"மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குனா எங்க வரும்? கல்லாட்டம் கெடக்கறே."

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். நான் சாயங்கால மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். என் கண் முன்னால்தான் குடித்தார்.

இப்படியே ஐந்தாறு நாள் போனது. புதன்கிழமை. விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு, காலையிலாவது வருகிறதா பார்ப்போம் என்று படுத்தேன். பாதித் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. டம்ளர் ஒன்று விழுந்து தரையில் உருண்டுகொண்டே போகிறது. பிறகு யாரோ தரையைத் தட்டுகிறார்கள், ஒரே சீராக. எனக்கு ஒரே சந்தோஷம். வந்துவிட்டது, எனக்கும் கனவு வந்துவிட்டது. அது கலைந்துவிடக் கூடாதே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. சமையலறையில் தரையில் விழுந்து இழுத்துக்கொண்டிருந்தது அம்மா.

ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அத்தாவைக் கத்திக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மறுபடியும் வலிப்பு வந்தது. அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. யா அல்லாஹ், கனவு வேண்டாம், கல்லூரி வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அம்மாவைத் திருப்பிக் கொடு. இதைத்தான் சொல்லிக்கொண்டே போனேன். அரபியில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

அன்று மதியம் அம்மா கண் விழித்தார். "ஷமீ, அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. இதோடு நிறுத்தினாலே இது அல்லாஹ்வின் கருணைக்குச் சாட்சிதான். ஆனால் அவன் இதோடு நிறுத்தவில்லை.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு, என்னைவிட ஆறேழு வயசுதான் அதிகம் இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மலையாளம் கலந்த தமிழில் பேசினாள்.

"அம்மா, நான் டாக்டர் இல்லை கேட்டோ. இங்கே மருந்து பாக்கற ஃபார்மசிஸ்ட். மாத்திரை எல்லாம் எப்படி சாப்பிடறீங்க?"

"நான்தான் கொடுக்கிறேன், ஒரு வேளைகூடத் தவறினதில்லை" என்று நான் முந்திக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். நான் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவள் மறுபடியும் அதே கேள்வியை, மெதுவாக, அவசரமே இல்லாமல் கேட்டாள். பிறகு அம்மாவின் குரல்.

"ஒரு வாரமா முழுங்கலீங்க. நாக்குக்கு அடியில வெச்சுக்குவேன். அப்புறமா துப்பித் தலகாணி உறையில போட்டுருவேன்."

"எதுக்கு அம்மா?"

"மாத்திரை போட்டா கனவு வராதுன்னாங்க. எம்புள்ளைக்கு எந்தக் காலேஜுன்னு தெரியோணும். அவ அழுதுட்டே தொழுவறா. பெத்தவ நான் ஒரு கனவாச்சும் கண்டு கொடுக்க வேண்டாமுங்களா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கனவு வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதும் வரலீங்க."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து போய் டாக்டரிடம் சொன்னாள். அளவைக் கூட்டவில்லை. பழைய மாத்திரையையே தொடர்ந்தார்கள். அம்மாவுக்கு வேண்டியது கூடுதல் மருந்து இல்லை, ஒரு கேள்விதான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வருஷமாக மாத்திரை கொடுத்த எனக்கு அது தெரியவில்லை.

வியாழக்கிழமை அம்மா எழுந்து உட்கார்ந்ததும் நான் சொன்னேன், "நான் எங்கேயும் போகலைம்மா. பொள்ளாச்சிக்கே போய்ட்டு வர்றேன். உங்க பக்கத்துலயே இருக்கேன்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

"பக்கத்துலதானே இருந்தே? உங்கையாலதானே வாங்கினேன்? ஆனாலும் ஏமாத்திப் போட்டேனா இல்லையா? நீ காவல் இருந்து நான் பொழைக்கலை கண்ணு. அவன் காவல்ல பொழைச்சிருக்கறேன். இனி எம்மாத்திரை எங்கையில. அல்லா மேல சத்தியமாச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தபோது நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அம்மா என் கையை ஒதுக்கிவிட்டுத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து காட்டினார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு வீட்டுக்கு வந்து மறுபடியும் இரண்டு ரக்அத் தொழுதேன். அந்த துஆவின் பொருள் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். நல்லதென்றால் அதை எளிதாக்கு, கெட்டதென்றால் என்னை அதிலிருந்து திருப்பு, நல்லது எங்கே இருந்தாலும் அதில் மனசைப் பொருந்த வை என்று கேட்கிறோம். அதில் கனவு என்ற பேச்சே இல்லை. ஒரு வாரம் வாயால் சொல்லியும் அது எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். தொழுது முடித்ததும் நான் படுக்கவில்லை. எழுந்து துணிகளை மடித்தேன்.

சனிக்கிழமை அதிகாலை அம்மாவைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அத்தாவும் நானும் கிளம்பினோம். எந்தக் கல்லூரி என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டுக்குமே பொள்ளாச்சி வழியாகத்தான் போக வேண்டும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அத்தா கையைக் காட்டினார்.

"கோயமுத்தூர் பஸ் அங்க நிக்குது கண்ணு."

பார்த்தேன். மனசில் ஒரு சலனமும் இல்லை. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எப்போது இறங்கியதென்று தெரியவில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கேட்ட அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. நானும் ஒரு நாள் அப்படி ஒரு கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டும்.

"அத்தா, பழனி பஸ் எங்கே நிற்கும்?"

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீ மலைக்குத்தான்னு உங்கம்மா நேத்தே சொல்லிப் போட்டா" என்றார். அவ்வளவுதான். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பழனியில் இறங்கினால் அடுத்த பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. தேனியிலும் அப்படியே. குமுளி ஏற்றத்தில் மூடுபனி இறங்கி, ரோடும் மரமும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. ஜன்னல் வழியாக ஏலக்காய் வாசனை வந்தது. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதற்கு முன் எந்தத் தூக்கத்திலும் அவ்வளவு நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை. ஆபீஸ் மூடுவதற்கு முன் டி.சி.யைக் கொடுத்துவிட்டோம்.

இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், அன்றிலிருந்து அம்மாவுக்கு வலிப்பு வரவில்லை. போன மாதம் ஒரு நாள் இருட்டிய பிறகு ஹாஸ்டல் வாசலில் யாரோ தேடுகிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் அம்மா! கொல்லங்கோட்டுக்குக்கூடத் தனியாகப் போகாதவர், பஸ் மாறி மாறித் தனியாக வந்து பனிக்குள் நிற்கிறார். வைதேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. "எட்டு மணி ஆச்சு, தண்ணி கொண்டா" என்றார். கைப்பையிலிருந்து மாத்திரையைத் தானே எடுத்தார். தண்ணீர் கொண்டுவருவது மட்டும்தான் எனக்கு மிச்சமிருந்த வேலை. அதைச் சந்தோஷமாகச் செய்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது இரண்டு வழிக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பீர்கள். கேட்டுக் கேட்டுப் பதில் வரவில்லையே, நம்மை மறந்துவிட்டானோ என்று பயந்திருப்பீர்கள். நானும் பயந்தேன். தொழுங்கள், கேளுங்கள், பிறகு எழுந்து அன்றைய வேலையைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிறவர்களை நன்றாகக் கவனியுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவன் பதிலைத் தேடிய ஒரு வாரமும், அது என் அம்மாவின் வாயில், நாக்குக்கு அடியில் இருந்தது.