முப்பதாயிரத்து முப்பத்தொன்று

தர்ம வார்டுக்குப் போகும் விரிப்புகளை, ஒட்டுப்போட்ட பக்கம் நோயாளியின் காலடிக்கு வருமாறு அத்தான் மடித்து அனுப்புவார். தையல் முதுகில் உறுத்தக் கூடாதாம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் அங்கே படுத்திருந்தபோது விரிப்பு மாற்ற வந்த அம்மாள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அத்தான், இறந்துபோன என் அக்காவின் கணவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர். அங்கே பதின்மூன்று மேசைகள். ஆள் வந்திருக்கும் மேசைகளுக்கு விரிப்புகளைச் சமமாகப் பங்கிடுவதும் அவர் பொறுப்பு. மிஞ்சுவதற்கு 'அநாதை' என்று பெயர். அதைப் பங்கிட்டவரே தேய்க்க வேண்டும்.

அவர் கழுத்தில் தொங்கும் பித்தளை வில்லையில் 30031 என்று பொறித்திருக்கும். ஒருநாள் அதையும் பங்கிட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. எதில் வகுத்தாலும் ஒன்று மிஞ்சியது.

அக்கா போன பிறகு, மாடியறையில் தனியாகக் கிடக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கு வாய் வலித்தது. படியேறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

"என் நம்பர் பகா எண்ணும்மா. யாருக்கும் அடங்காது. எங்க போனாலும் அநாதையா ஒண்ணு நிக்கும். உங்க வீட்டுலயும் அப்படித்தான் நிப்பேன்."

"கூட ஒரு தட்டு வைக்கக் கணக்கு வாத்தியாரா வேணும்? வாங்கண்ணே!" என்றார் என் வீட்டுக்காரர். அத்தான் சிரித்தாரே தவிர அசையவில்லை.

"பதிமூணோட ஏன் அத்தான் நிறுத்திட்டீங்க?"

"மேசை அவ்வளவுதானே."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வகுக்கத் தெரியும், அவ்வளவுதான். வேலையெல்லாம் முடிந்து, கடவுளைக் கும்பிட்டுவிட்டு, சமையலறைத் தரையில் சாக்கட்டியால் அந்த நம்பரை வகுத்துப் போட ஆரம்பித்தேன். பதினேழுக்கு ஒன்பது மிஞ்சியது. பத்தொன்பதுக்குப் பதினொன்று. கண் எரியும், இடுப்பு விட்டுப்போகும், அழித்துவிட்டுப் படுத்துவிடுவேன். மறுநாள் அடுத்த எண். ஐம்பத்து மூன்றும் கைவிட்டபோது, இந்த மனுஷன் சொல்வது நிஜம்தானோ என்று அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்தொன்பதில் இறங்கியது. ஈவு ஐந்நூற்று ஒன்பது. மீதி இல்லை.

சலவைக்கூடத்துக்கே போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெருக்கிப் பார்த்தார். பிறகு அழுக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, வில்லையைக் கையில் எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்தச் சனிக்கிழமையே மாடிப்படியில் மூச்சடைத்து விழுந்து போய்ச் சேர்ந்தார். கடவுள் கணக்கை நான் என்ன சொல்ல? அன்று வாசலில் அவர் சொன்னது இதுதான்:

"மேசை முடிஞ்சதும் நான் நின்னுட்டேம்மா. நீ விடாம போயிருக்க. மூஞ்சியே வாடிக் கெடக்கு, போய்ப் படு. ஞாயித்துக்கிழமை பெட்டியோட வர்றேன். ஒரு தட்டு கூட வச்சிரு."