கரி எஞ்சின் போன சாயங்காலம்

தறிச் சத்தம் காதைவிட்டுப் போவதற்குள் பாதி வழி வந்துவிட்டேன். சங்கரன்கோவிலைப் பின்னால் விட்டு, தண்டவாளத்தை ஒட்டிய வண்டிப்பாதையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். நூல் வரத்து இல்லையென்று காலையில்தான் விசைத்தறியில் என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஏழாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு இது புதிதில்லை. பையில் இரண்டு சட்டை. பழைய கரி எஞ்சினைச் சரிபண்ணி அன்று சாயங்காலம் கடையநல்லூர்ப் பக்கம் ஓட்டுகிறார்களென்று டீக்கடையில் சொன்னார்கள். அதைப் பார்க்கத்தான் நடை. ராத்திரி எங்கே படுப்பது என்று யோசிக்கவில்லை. மேற்கே மலை நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஓடை தாண்டியதும் தண்டவாளச் சரிவில் ஒருவர் செம்மறிகளை மேய்த்துக்கொண்டிருந்தார். வயல்வயலாக ஆடுகளை இரவில் அடைத்து உரம் போடும் கிடைக்காரர். மந்தைக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளாடு. அது போகிற இடத்துக்குத்தான் செம்மறி போகும். பாதைக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரச் சோளம். கதிர் வராத சோளத்தைத் தின்றால் ஆடு நுரை தள்ளிச் செத்துவிடும்.

“அண்ணாச்சி, ரயிலு வரப்போவுது. ஆட்ட அங்கிட்டு ஓட்டலையா?”

“எங்க ஆட்டுக்கு ரயிலு புதுசா வே? கரண்டு ரயிலு உரசிட்டுப் போனாலும் தலையத் தூக்காது.”

“இது கரி எஞ்சினு.”

“கரியத் தின்னா என்ன, கரண்டத் தின்னா என்ன? ரயிலுதான வே.”

முதலில் பனைகளுக்கு மேலே புகை தெரிந்தது. சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்தது. கறுப்பு எஞ்சின், தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாக வந்தது. சன்னல்களில் யார் யாரோ கையசைத்தார்கள். எனக்கில்லை என்று தெரிந்தும் நானும் அசைத்தேன். எங்களுக்கு நேரே வந்தபோது ஊதியது. வெள்ளை ஆவி சரிவில் இறங்கி எங்களை மூடியது. எது ஆவி, எது ஆடு என்று தெரியவில்லை. நாக்கில் கரித்தூள். எந்த ஊரிலும் இல்லாதவனாக வாயைத் திறந்து நின்றேன்.

ஆவி விலகியபோது சரிவில் ஒரு ஆடும் இல்லை.

“ஏலே, சோளத்துக்குப் போவுது! வெள்ளாட்டப் பிடில!”

ஓடினேன். சோளத்தின் வரப்பில் வெள்ளாட்டின் பின்னங்கால் கையில் சிக்கியது. நானும் அதுவும் வாய்க்காலில் விழுந்தோம். பின்னால் வந்த மந்தை ஒன்றன்மேல் ஒன்றாக முட்டி நின்றது. ஒரு ஆடு மட்டும் உள்ளே தலையை நீட்டிக் கடித்துவிட்டது. அவர் அதன் வாய்க்குள் விரலை விட்டு இலைகளை வழித்தெடுத்தார். பிறகு இருவரும் அதற்கு எதிரில் உட்கார்ந்து, வேறெதையும் பார்க்காமல் இருந்தோம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் அது நுரை தள்ளாமல் அசை போடத் தொடங்கியது.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். “இனிமே கரி திங்கிற ரயில, சொல்லிட்டு வரச் சொல்லும் வே.”

அன்றைக்குக் கிடையோரமே படுத்துக்கொண்டேன். விடிந்ததும் ஆடுகளை அடைத்த மூங்கில் படல்களைப் பிடுங்கி அடுத்த வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் அவர் ஒரு படலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தம்பிக்காரன் கேரளாவுக்குப் போனதுலேருந்து நான் ஒத்த ஆளு. கூட இருக்கீரா?”

மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.