நிரைக்குள் ஒரு வாசிப்பு

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. அதன் பின்னறையில், துணி மூட்டைகளுக்கு நடுவே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் எழுத்துக் கூட்டம் கூடும். அவரவர் எழுதியதைக் கொண்டுவந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும், மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எங்கள் இலக்கிய சேவை. இன்றைக்கும் ஏதாவது துணிக்கடைக்குள் நுழைந்தால் அந்தப் புதுத்துணி வாசனை என்னைக் கலங்கடித்துவிடுகிறது.

கடைக்கார நானா இடம் கொடுத்தார், இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார், பிடிக்காத கதை வந்தால் பெரிதாகக் கொட்டாவியும் விட்டுக் காட்டினார். செயலாளர் சென்னையில் கல்லூரியில் படித்து, அங்கே இலக்கியக் கூட்டங்கள் நடத்திப் பழகியவர். எதற்கெடுத்தாலும் "எங்க காலேஜ்ல..." என்று தொடங்குவார். தலைவர் உரை, தொடக்க மணி, நன்றியுரை எல்லாம் இருந்தால்தான் அவருக்கு அது கூட்டம். வருவதே ஆறு பேர், அதில் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகும். ஆனால் அந்த மனிதர் விடாமல் நச்சரித்திருக்காவிட்டால் நான் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். பிறந்தது நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில். அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவள் திருச்சிப் பக்கம் தன் தம்பி வீட்டோடு போய் இருந்துவிடுவதென்று முடிவாயிற்று. தோட்டத்து ஆள்கணக்கிலிருந்து அவள் பேரை வெட்டியாயிற்று. புதன்கிழமை பயணம். போனால் திரும்பி வரமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. நான் எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று தெரியாது, அவளுக்கு வாசிக்க வராது. டவுன் கூட்டத்துக்கு வாம்மா என்றால், "என்னையும் துரைமாரு மாதிரி நாற்காலியில குந்தச் சொல்றியா? போடி" என்பாள். அவள் கப்பலேறுவதற்குள் என் எழுத்தை ஒரே ஒரு தடவையாவது அவள் காதில் போட்டுவிட வேண்டும். வேறு நினைப்பே இல்லை எனக்கு.

கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப கூட்டத்தத் தோட்டத்துக்குக் கொண்டு போவம்" என்றார். "அதுக்கென்ன?"

தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கும். அதில் நடத்திக்கொள்ளக் கணக்கப்பிள்ளை சம்மதித்துவிட்டு, தன் வேலையாகப் பதுளைக்குப் போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மாட்டுவண்டியில் மேலே ஏறினோம். ஆட்கள் உட்கார நானா ஒரு கட்டு வெள்ளைத்துணி கொண்டுவந்திருந்தார். லயமெல்லாம் எண்ணெய் முழுக்கும் கறிக்குழம்பு வாசனையுமாக இருந்தது.

நான் உள்ளே துணி விரித்துக்கொண்டிருந்தேன். வெளியே செயலாளர், "தொடக்க மணி அடிக்கணுமே, இங்க மணி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். மணி இல்லை, தப்பு மேளம் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அதுவே போதும்! ஆளுங்க கூடணும், அவ்வளவுதான்" என்றிருக்கிறார். என் காதில் விழுந்திருந்தால் அவர் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன்.

தப்படிக்கிறவரிடம் கல்யாணத்துக்கு ஒரு அடி உண்டு, சாவுக்கு ஒரு அடி உண்டு, காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஒரு அடி உண்டு. இலக்கியத்துக்கு அடி கிடையாது. ஆளைக் கூட்டச் சொன்னார்கள், அவர் பெரட்டு அடித்தார்.

வெளியே ஓடிவந்து பார்த்தால், ஈரத்தலையை அள்ளி முடிந்துகொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு பெண்கள் பெரட்டுக் களத்துக்கு ஓடுகிறார்கள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் சின்னக் கங்காணி வரிசை பிரித்து எல்லாரையும் மலைக்கு அனுப்பியாயிற்று. கொழுந்து முற்றிக் கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வரலாம் என்ற நேரம். தப்புச் சத்தம் கேட்டது, கோட்டுப் போட்டவர் ஒருவர், அதாவது எங்கள் செயலாளர், நிற்பதும் தெரிந்தது. பெரிய இடத்து உத்தரவு என்று நினைத்துவிட்டார்.

"ஐயையோ, சபை மலையேறிப் போகுதே!" என்று செயலாளர் தலையில் கைவைத்தார்.

"யாருங்க தப்பு அடிக்கச் சொன்னது?" என்று கங்காணி எரிந்துவிழுந்தார். "ஏறினது ஏறினதுதாங்க. கொழுந்து எடை போடாம எறக்குனா துரைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எடை போட்டு அவர்கள் இறங்கும்போது சாயங்காலம் ஆகிவிடும், எங்கள் வண்டி அதற்குமுன் புறப்பட்டாக வேண்டும். பொங்கிப் பொங்கி அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது! நானா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அழாதீங்க மகள். ஆக்கள் மலையில இரிக்காங்க, கதை உங்கட கையில இரிக்கி. வேற என்ன வேணும்? நடங்க."

ஏறினோம். அம்மாவும் தேயிலைச் செடி வரிசையில் தனக்கொரு நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தாள். பேர் வெட்டின பிறகும்! எனக்குக் கோபம் மூண்டுவிட்டது.

"உனக்கென்னம்மா தலையெழுத்து? பேருதான் வெட்டியாச்சே, நீ ஏன் வந்த?"

"தப்புச் சத்தம் கேட்டுச்சு. கால் தானா வந்துருச்சு" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமலே. "கதை படிக்கணும்னியே. படி, கேட்டுக்கிட்டே பறிக்கிறேன்."

அவள் நிரையில் முன்னே நகர, நான் பின்னாலேயே நடந்து வாசித்தேன். தேயிலைக் குச்சி சேலையைப் பிடித்து இழுத்தது. சத்தமாக வாசித்ததால் பக்கத்து நிரைகளில் பேச்சு அடங்கியது. நான் எழுதியிருந்தது கீழே தெரிந்த அந்தப் பிள்ளைக் காம்பராவைப் பற்றித்தான். பனி மூடிய விடியற்காலையில் என்னை அங்கே இறக்கிவிட்டு அம்மா போவதும், நான் வாசலில் நின்று கத்துவதும். "அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை" என்ற வரிக்கு வந்தேன். செயலாளர் ஆகா ஓகோ என்று மெச்சிய வரி அது.

அம்மாவின் கை நின்றது.

"பார்த்தேன்டி. தெனமும் அந்த வளைவுல நின்னு திரும்பிப் பார்த்துட்டுத்தான் போவேன். நீ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுல்ல கத்துவ? உனக்கு எங்க தெரியப் போகுது!"

இத்தனை வருஷமாக இந்த மனக்குறையை வளர்த்து, அதை எழுத்தாகவும் ஆக்கி, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அம்மா மறுபடி பறிக்கத் தொடங்கினாள்.

"ஏன் நிறுத்திட்ட? மிச்சத்தையும் படி. நல்லாத்தான் இருக்கு."

மிச்சத்தையும் படித்தேன். நன்றியுரையை செயலாளரே மறந்துபோனார். பக்கத்து நிரை அக்கா ஒருத்தி, "எங்களையும் எழுதேன் புள்ள" என்று கேட்டாள்.

புதன்கிழமை காலையில், பண்டாரவளை ரயிலுக்குப் போகிற மாட்டுவண்டியில் அம்மாவை ஏற்றிவிட்டேன். வண்டி இறக்கத்தில் போயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கண்ணை மட்டும் மூடவில்லை, இமைக்கக்கூட இல்லை. வளைவில் அம்மா வண்டியைப் பிடித்துக்கொண்டு எட்டித் திரும்பிப் பார்த்தாள்.

"பார்த்துட்டேன்மா!" என்று கத்தினேன்.

"பார்த்தீல்ல? போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள்.