ஈரத்திலிருந்து நாலடி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், வலைகளை வைக்க ஆறு இரும்புத் தூண்களோடு ஒரு கொட்டகை போட்டோம். கணக்குப் போட்ட என்ஜினீயர் நான். குழி தோண்ட வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. எங்கே நின்றாலும் குதிகாலால் மணலைக் கிளறி, ஈரம் தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

“மேல கீற மணலு கடலுது சார். மழைக்காலத்துல எடுத்துகினு பூடும். ஈரத்துலேர்ந்து நாலடி தோண்டலாமா?”

“டிராயிங்ல தரையிலேர்ந்து நாலடின்னு இருக்கு. அதைச் செய்யுங்க, போதும்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மண்வெட்டியை எடுத்துத் தோண்டினார். தூண்களை நிறுத்திக் கான்கிரீட் கொட்டினோம்.

கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். கடல் மணலை வாரிக்கொண்டு போயிருந்தது. கான்கிரீட் பாதி வெளியே தெரிய, ஐந்து தூண்கள் சாய்ந்திருந்தன. ஒன்று மட்டும் நேராக நின்றது. கூரைத் தகடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அவர்தான். என்னைப் பார்த்தும் குத்தலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

“இது மட்டும் எப்படி நிக்குது?”

“அது நீங்க டீ குடிக்கப் போனப்போ தோண்டுனது சார்.”

அன்றைக்கு நான் இன்னும் ஐந்து டீ குடித்திருக்கலாம்.