ஒயில் தொட்டியை மூடிய பிறகு

கண்டாவளைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் சுழல் கலப்பைக்குக் கத்தி செய்துகொண்டிருந்தார்கள். பழைய லொறி வில்லுத் தகட்டை வெட்டி வளைத்து, உலையில் சிவக்கக் காய்ச்சி, வாகனங்களில் வடித்த கழிவு ஒயில் தொட்டியில் அமிழ்த்துவோம். அப்போதுதான் இரும்பு இறுகும். மண்ணில் சீக்கிரம் தேயாது. ஒவ்வொரு கத்திக்கும் கறுப்புப் புகை எழும்.

தொட்டியடியில் என்னோடு ஒரு அக்காவும் அவரின் கணவரும் வேலை செய்தார்கள். என் அம்மா செத்த பிறகு கனகராயன்குளத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளிநொச்சியில் அறை எடுத்துத் தனியே இருந்தேன். எனக்குக் கதைபேச்சு எல்லாம் அந்த இருவரோடுதான். மதியம் மூன்று பேரும் கறிகளை மாற்றிச் சாப்பிடுவோம். அக்கா சாப்பாட்டுக்கிடையிலும் இருமுவார்.

தொட்டியின் அடியில் படியும் கறுப்புச் சேற்றைப் பட்டறைக்குப் பின்னால் தோண்டிய ஒரு கிடங்கில் கொட்டுவோம். ஒரு மாரி மழையில் அது நிரம்பிப் பக்கத்து வயலுக்குள் வழிந்தது. அந்த வயலைத் தனியாளாய் நின்று செய்யும் ஒரு அம்மா, கருகிய பயிரைப் பிடுங்கிவந்து முதலாளியின் மேசையில் வைத்தார்.

“எனக்கு ஒண்டும் தர வேண்டாம். உந்த ஒயில் இனி என்ர வயலுக்கை வரக்கூடாது.”

அதன்பிறகும் அவர் அடிக்கடி வந்து சண்டை பிடித்தார். முதலாளி ஒருநாள் எங்களிடம் வழி கேட்டார். வவுனியாவில் படித்த காலத்தில் பார்த்ததைச் சொன்னேன். செப்புக் குழாயை வளையமாக்கி மின்சாரம் விட்டால், அதற்குள் வைத்த இரும்பு தானே சிவக்கும். வெட்டும் விளிம்பை மட்டும் சூடாக்கித் தண்ணீரால் குளிர்விக்கலாம்; அதே தண்ணீரை வடித்துத் திரும்பப் பாவிக்கலாம். யோசித்து யோசித்துக் கடைசியில் முதலாளி ஏற்கெனவே பாவித்த அப்படியொரு இயந்திரத்தை வாங்கிவந்து என் பொறுப்பில் விட்டார்.

முதலில் எல்லாம் பிழையாய்ப் போனது. லொறி வில்லு இரும்பு தண்ணீரைத் தாங்கவில்லை. நீர் பட்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். துடைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு. முதலாளி உடைந்த குவியலில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, திரும்ப அதிலேயே வைத்துவிட்டுப் போனார். ஏசியிருக்கலாம் என்றிருந்தது எனக்கு. பிறகு தண்ணீரில் இறுகக்கூடிய வேறு தகடு எடுப்பித்தோம். மழையோடு தொடங்கும் காலபோக உழவு முடிந்து திரும்பி வந்த கத்திகளில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. கிடங்கில் கிடந்ததைப் பீப்பாக்களில் அள்ளி அனுப்பிவிட்டுத் தொட்டியைத் தகரத்தால் மூடினார்கள்.

புது இயந்திரத்துக்கு ஒரு ஆள் போதும். அக்காவும் கணவரும் முதலாளிக்குப் பளையில் இருந்த கடைக்கு மாறினார்கள். இருமல் நின்றுவிட்டதென்று அக்கா போனில் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகு, இயந்திர அறையில் தண்ணீர்ப் பம்பியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

வயல்கார அம்மாவும் வருவதில்லை. அவர் வர இனிக் காரணமில்லை. நான் ஒரு மதியம் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வயல் வரம்பால் அவரிடம் நடந்து போனேன்.

“ஏன் பிள்ளை, திரும்ப ஏதும் வழிஞ்சிட்டுதோ?”

“இல்லையம்மா. சாப்பிட வந்தனான்.”

அவர் தன் பையை எடுத்துத் தள்ளி வைத்து இடம் விட்டார். ஒயில் நின்ற மூலையில் இன்னும் நெல் பிடிக்கவில்லை. அங்கே பார்த்தபடியே சொன்னார்:

“சண்டைக்கு வாற நாளிலயாவது நாலு கதை கதைச்சனான். இப்ப அதுவும் இல்லை.”

நான் கத்தரிக்காய்ப் பொரியலில் பாதியை அவரின் தட்டில் வைத்தேன்.

அந்தப் போகம் முழுவதும் இடைக்கிடை போனேன். நெல் வெட்டு முடிந்ததும் அவர் முல்லைத்தீவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்; அடுத்த விதைப்புக்குத்தான் வருவார். அதுவரை நான் மதியங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பின்கதவைத் திறந்து வைத்து, வெறும் வயலைப் பார்த்தபடி சாப்பிடுகிறேன்.