கிணற்றடிச் சவர்க்காரம்

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்ட அப்பாவுக்கு, சில மாதங்களில் சலமும் போகாமல் சிறுநீர்ப்பை அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அடிவயிற்றில் சின்னத் துளை போட்டு, சலம் போக ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். மிச்ச வைத்தியத்துக்கு வவுனியாவுக்குப் போக வேண்டும். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் கிடைத்தபாடில்லை. அதுவரை அந்தத் துளையில் கிருமி தொற்றாமல் காப்பது, தர்மபுரத்தில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்த என் பொறுப்பாயிற்று.

ஆஸ்பத்திரித் தாதி, மிஸி என்போம், என்னை இருத்திவைத்துச் சொல்லித் தந்தா.

"சவர்க்காரம் போட்டு வடிவாக் கை கழுவிப்போட்டுத்தான் தொடவேணும். கொதிச்சாறின தண்ணியிலை உப்புப் போட்டுத் துடையுங்கோ. ஈரம் நிக்கக் கூடாது. ரியூப் இழுபடாமல் வயித்தோடை ஒட்டிவிடுங்கோ. எண்ணெய், மஞ்சள், திருநீறு ஒண்டும் வேண்டாம். கிருமி உள்ளுக்கை போச்செண்டால் ஆளைக் காப்பாத்தேலாது. ஆர் வந்தாலும் கை கழுவோணும், விளங்குதோ?"

நன்றாகவே விளங்கியது. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் சவர்க்காரம் குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. கிடைத்த ஒரு கட்டியை நூலால் அறுத்து, ஒரு துண்டைக் கிணற்றடியில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் வீட்டில் பொலிஸ்காரியானேன். கோயிலால் வந்து குழாயடியில் திருநீறு பூசிய பெரியம்மாவோடு சண்டை பிடித்தேன். "சிவபெருமான் வந்தாலும் கை கழுவிப்போட்டுத்தான் தொடவேணும்" என்று கத்தினேன். அவா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பளையிலிருந்து வந்த அண்ணா கட்டிலில் குந்தப்போக, பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாகக் கிணற்றடிக்கு அனுப்பினேன்.

ஒருவரிடம் மட்டும் என் வாய் திறக்கவில்லை.

அவர் பக்கத்துக் காணிக்காரர். இனக்கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்களில் ஒருவர். எங்கள் வயலிலும் வேலை செய்தவர். கனத்த உடம்புக்காரரான அப்பாவைத் தூக்கிக் கதிரையில் இருத்த அவரை விட்டால் ஆளில்லை. காலையும் மாலையும் கேட்காமலே வருவார். அப்பாவோ நல்லாயிருந்த காலமெல்லாம் அவரை "டேய்" என்று கூப்பிட்டவர். பின்வேலிக் கதியால் தடியில் அவருக்கென்று ஒரு தகரப்பேணி கவிழ்ந்திருக்கும். அதில்தான் அவருக்குத் தேத்தண்ணி. அப்பா விழுந்த பிறகு அந்தப் பேணியைத் தூக்கி எறிந்துவிட்டு, நாங்கள் குடிக்கும் கிளாசில் கொடுத்தேன்.

அப்படிப்பட்டவரிடம் "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்று எந்த முகத்தோடு சொல்வது? பேணி போனாலும் புத்தி போகவில்லை என்று நினைக்கமாட்டாரா? அவர் வயலால் வந்து, வெறுந்தண்ணீரில் கையை அலம்பி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு அப்பாவைத் தூக்குவார். குழாய் இழுபடாமல் தானே பிடித்துக்கொள்வார். மிஸி சொன்னது நினைவுக்கு வரும். ஆனாலும் பேசாமல் நிற்பேன். என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மூன்றாம் மாதம் துளையடி சிவந்தது. பிறகு சீழ், காய்ச்சல். அப்பாவை உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"ஆர் கை கழுவாமல் தொடுறது?" என்று மிஸி கேட்டா.

"எல்லாரும் கழுவுறம், மிஸி."

"அப்ப கிருமி தானாய் நடந்து வந்ததோ?"

ஊசிகள் போட்டுக் காய்ச்சல் இறங்கிய பிறகு வீட்டுக்கு விட்டார்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் தன்னால் ஒன்றும் செய்யேலாது என்று மிஸி சொல்லித்தான் அனுப்பினா. மறுநாள் காலை பக்கத்துக் காணிக்காரர் வழக்கம்போலத் தூக்க வந்தார். நான் கிணற்றடியில் மறித்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அப்பாவைத் தொட முதல் சவர்க்காரம் போட்டுக் கழுவோணுமாம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்தான்.

"மூணு மாசமா அந்தத் துண்டைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். வர்றவங்க எல்லாரையும் போட்டுக் கழுவச் சொன்னீங்க. என்னைய மட்டும் சொல்லல. ஒங்க சவுக்காரத்த நான் தொடக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் வெறுந்தண்ணில கழுவினேன்."

சவர்க்காரத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். நான் அண்ணாவுக்குக் காட்டியதைப் பார்த்திருந்தார் போல, விரலிடுக்கெல்லாம் நுரை போட்டு முழங்கை வரை கழுவினார். சாரத்தில் துடைக்காமல் ஈரக்கையை நீட்டியபடி வந்து வாசற்படியில் நின்றார்.

"இப்பத் தொடலாங்களா?"

யன்னலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்த அப்பா, வாதம் இழுக்காத, வழங்குகிற கையைத் தூக்கினார்.

"வா... தம்பி" என்றார், குழறிய குரலில்.

புண் ஆற ஒரு மாதம் சென்றது. அந்த மாதம் முழுக்க, சவர்க்காரத்தில் கை வைக்க முதல் அவர் என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.